யாழ்ப்பாணத்தில் பார்க்க ஒன்றுமில்லையா?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மதுரையிலிருந்து வந்து 4 நாள் இருந்திருக்கிறீர்கள். நல்லூர்க் கோயில் மனதை நிறைத்தது, மற்ற இடமெல்லாம் ஏமாற்றம் என்கிறீர்கள். கோட்டை வெறும் மதில், நூலகம் ஒரு வெள்ளைக் கட்டடம், கீரிமலை ஊற்று ஒரு சீமெந்துத் தொட்டி. ஆட்கள் மரியாதையாக நடந்தார்கள், ஆனால் ஒட்டவில்லை. இடிந்த வீடொன்றைப் படம் எடுத்ததற்கு ஒரு பெரியவர் சத்தம் போட்டார். போரைப் பற்றிக் கேட்டால் கதையை மாற்றினார்கள். "நாங்களும் தமிழர்தானே, பிறகு ஏன் வெளிநாடு மாதிரி இருந்தது?" என்று முடித்திருக்கிறீர்கள். மேலால் பார்த்தால் எந்த இடம் பார்க்கத் தகுந்தது என்ற கேள்வி போல இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்டது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் இடங்களைப் பற்றியும் சொல்கிறேன், அந்த வரியைப் பற்றியும் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பாடசாலையில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தவன். பிறகு வழிகாட்டிப் பயிற்சி எடுத்து, உரிமம் பெற்று, பதினொரு வருடமாக இந்த ஊரைக் காட்டிப் பிழைக்கிறேன். ஆகவே ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்வதில் எனக்கு வருமானம் உண்டு, அதை நினைவில் வைத்து வாசியுங்கள். நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதிக்காரன். தீவுப்பகுதியையும் வடமராட்சியையும் எனக்குத் தெரியும் என்றாலும் அங்கே பிறந்தவர்கள் அறிந்ததுபோல் தெரியாது. தனியே பயணம் செய்யும் ஒரு பெண்ணுக்கு இந்த ஊர் எப்படி இருக்கும் என்பதிலும் நான் சாட்சி சொல்ல முடியாது. என் தங்கச்சியைக் கேட்டால் நான் சொல்வதில் பாதியைத் திருத்துவாள்.

முதலில் நேரடியான பதில். வெளிநாடு மாதிரி இருந்தது என்றால், வெளிநாடுதான். கடவுச்சீட்டில் முத்திரை குத்தித்தானே பலாலியில் இறங்கினீர்கள். இதை நக்கலாகச் சொல்லவில்லை. பிரான்சிலிருந்து வருகிற பிரெஞ்சுக்காரர் படலையடியில், அதாவது வாசல் கதவடியில், நின்று "உள்ளே வரலாமா" என்று என்னைக் கேட்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் முற்றத்தில் நிற்பார்கள். இரண்டிலும் அன்பு இருக்கிறது. ஆனால் முதல் ஆளுக்குத் தான் அந்நியன் என்று தெரியும், அதனால் மெதுவாக நடப்பான். மொழி ஒன்றாக இருப்பதால் உங்களுக்கு அந்த மெதுவான நடை கிடைக்காமல் போய்விட்டது. எழுத்தெல்லாம் வாசிக்க முடிகிறது, பெயர்ப்பலகை எல்லாம் விளங்குகிறது, ஆகவே ஊரும் விளங்கிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும்.

மொழியிலேயே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் ஊரில் பேசுவது என்றால் உரையாடுவது. எங்களுக்கு அது கதைப்பது. பேசுவது என்றால் இங்கே ஏசுவது. "அம்மா பேசினவ" என்றால் அம்மாவிடம் திட்டு வாங்கினான் என்று அர்த்தம். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் சுன்னாகத்தில் ஒரு ஆச்சியிடம் "ஏம்மா, இங்க யாருமே எங்ககூட பேச மாட்டேங்கறாங்க" என்று மனம் நொந்து கேட்டார். ஆச்சி திகைத்துப்போய், "நாங்கள் ஏன் பிள்ளை உங்களைப் பேசப்போறம்? நீங்கள் ஒரு பிழையும் விடேல்லையே" என்றார். அதேபோல் "ஆறுதலா வாங்கோ" என்றால் அவசரமில்லாமல் வாருங்கள் என்பது. உங்களை யாரும் தேற்றவில்லை. "வடிவாப் பாருங்கோ" என்றால் நன்றாகப் பாருங்கள். எங்களுக்கு உங்கள் பேச்சு சினிமாவாலும் தொலைக்காட்சியாலும் பழகிவிட்டது, உங்களுக்கு எங்கள் பேச்சு பழகவில்லை. அதனால் உங்களைக் கண்டதும் நாங்கள் பேச்சை மாற்றி, கொஞ்சம் புத்தகத் தமிழிலோ கொஞ்சம் படத் தமிழிலோ கதைக்கத் தொடங்குவோம். அப்படிக் கதைக்கும்போது சொல் குறையும். நீங்கள் ஒதுக்கம் என்று நினைத்ததில் ஒரு பங்கு இந்தச் சொல் குறைச்சல்தான்.

மிச்சப் பங்கு உண்மையான ஒதுக்கம். அதை மறைக்கப் போவதில்லை. யாழ்ப்பாணம் வேலி கட்டி வாழ்ந்த ஊர். முன்பு கிடுகு வேலி, பனையோலை வேலி, இப்போது மதில். வளவுக்குள் என்ன நடக்கிறது என்பது ஒழுங்கையில், அதாவது சந்தில், போகிறவனுக்குத் தெரியக்கூடாது என்பதில் எங்களுக்கு ஒரு பிடிவாதம். யாரென்று தெரியாத ஒருவரிடம் எங்கள் முதல் கேள்வி "எந்த இடம்?" என்பது. அதற்குள் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. தெரிந்த சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்கிற ஆவல் ஒரு பக்கம், சாதியை மோப்பம் பிடிக்கிற பழக்கம் மறுபக்கம். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் கதவைத் திறக்கப் போராட வேண்டி இருந்த ஊர் இது. இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது, ஆனால் அந்தக் கேள்வியின் ஓசை முழுதாகப் போகவில்லை. உங்களிடம் அதைக் கேட்டவர்கள் எந்த எண்ணத்தில் கேட்டார்கள் என்று இங்கே இருந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது.

போரைப் பற்றிக் கேட்டபோது கதையை மாற்றினார்கள் என்றீர்கள். இதில் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு காரணம் இருக்கலாம். நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்பதோடு இந்தியாக்காரரும்தான். 1987 யூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்து இந்திய இராணுவம் இறங்கியபோது மாலை போட்டு வரவேற்ற சனம் இது. அக்டோபரில் அந்த இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு தீபாவளி அன்று, அக்டோபர் 21, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்து சுட்டதில் டாக்டர்மார், தாதிமார், நோயாளிகள் இறந்தார்கள். 1990 மார்ச் வரை அந்த இராணுவம் இங்கே இருந்தது. வயதானவர்கள் "இந்தியன் ஆமிக் காலம்" என்று ஒரு காலத்தையே குறிப்பிடுவார்கள். இதை ஒரு மதுரைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னால் பிள்ளையின் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொள்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல ஏலாது, அவ்வளவுதான்.

கேட்கிற முறையும் ஒன்று இருக்கிறது. "போரில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் வராது. அது விசாரணை மாதிரி. இங்கே ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் அப்படி விசாரித்திருக்கிறார்கள். நான் என் விருந்தினருக்குச் சொல்வது, "95இல் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேளுங்கள் என்பது. இலங்கை இராணுவம் நகரை நெருங்கியபோது, 1995 அக்டோபர் 30இலும் அதை அடுத்த நாட்களிலும் வலிகாமம் முழுக்க நடந்தே தென்மராட்சிக்கும் அதற்கப்பாலும் போனது. அந்த இரவு மழை. நாவற்குழிப் பாலம் தாண்ட எவ்வளவு நேரம் எடுத்தது, சைக்கிளில் எதைக் கட்டினார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்காமலே சொல்வார்கள். எனக்கும் ஒரு கதை இருக்கிறது. நாங்கள் எடுத்துப்போனது தையல் மெசினின் தலையை. கால் பகுதியை விட்டுவிட்டோம். திரும்பி வந்தபோது அதுவும் இல்லை.

இனி அந்தப் படம். நீங்கள் இடிந்த வீட்டைப் படம் எடுத்ததும் பெரியவர் கோபப்பட்டது துக்கத்தால் என்று நினைத்து வருந்தி எழுதியிருக்கிறீர்கள். துக்கமாக இருக்கலாம். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் நான் காணி என்றே கட்டுவேன். ஆள் இல்லாத காணிக்குக் கள்ள உறுதி, அதாவது போலிப் பத்திரம், முடித்து விற்கிற மோசடி இங்கே நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற அண்ணனின் வளவைப் பார்த்துக்கொள்கிற தம்பிக்கு, முன்பின் தெரியாத ஆள் வந்து நாலு பக்கமும் படம் பிடித்தால் முதலில் வருகிற எண்ணம் புரோக்கர் என்பதுதான். ஒரு தரம் என்னையே அப்படி நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார்கள். அன்று என் கழுத்தில் வழிகாட்டி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, நாய்க்கு அது விளங்கவில்லை.

இடிந்த வீடு என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போடவும் கூடாது. கோட்டையைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் 1990இல் கோட்டைக்காக நடந்த சண்டையில் போனவை. வடக்கே மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பக்கம் போனால் அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த நிலம். சனம் 1990இல் வெளியேறியது. போர் முடிந்த பிறகுதான் கட்டம் கட்டமாகக் காணி விடுபட்டது, இன்னும் விடுபடாத துண்டுகளும் இருக்கின்றன. அங்கே பல இடத்தில் வீடே இல்லை, அத்திவாரமும் கிணறும்தான். கிணற்றை வைத்துத்தான் ஆட்கள் தங்கள் வளவை அடையாளம் கண்டார்கள். நகருக்குள்ளே ஐந்துசந்தி, சோனகத்தெருப் பக்கத்தில் இருக்கிற சிதைந்த வீடுகளுக்குக் கதை வேறு. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வட மாகாணம் முழுவதிலிருந்தும் அப்படி எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் துரத்தப்பட்டார்கள். கொஞ்சப் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள், பலர் வரவில்லை. அந்தத் தெருவைக் காட்டும்போது நான் என் சமூகத்தின் தரப்பில் நின்று கதை சொல்ல முடியாது. அங்கே இருக்கிற ஒரு கடைக்காரரிடம் விருந்தினரை விட்டுவிட்டு வெளியே நின்றுகொள்வேன்.

இவை தவிர, குண்டே படாமல் விழுந்துகொண்டிருக்கிற வீடுகளும் நிறைய இருக்கின்றன. கூரையும் கதவு யன்னலும் இல்லாமல் சுவர் மட்டும் நேராக நிற்கிறதென்றால், ஆள் இல்லாத காலத்தில் மரத்தையும் ஓட்டையும் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு ஏழு உரிமைக்காரர், ஏழு பேரும் ஐந்து நாட்டில். எங்களுக்குத் தேசவழமை என்று தனிச் சட்டம் வேறு இருக்கிறது, ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1707இல் எழுத்தில் தொகுத்தது. பங்காளிகளிடம் முதலில் கேட்காமல் விற்க முடியாது என்ற வழக்கமெல்லாம் அதிலிருந்து வந்தது. ஆகவே விற்கவும் ஏலாமல் திருத்தவும் ஏலாமல் ஆலமரம் முளைத்து நிற்கும். நீங்கள் போர்ச்சின்னம் என்று படம் எடுத்தது ஒரு பங்குப் பிரச்சினையாகவும் இருக்கக்கூடும்.

சரி, இடங்கள். கோட்டையைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு பகுதி சரி. உள்ளே அதிகம் இல்லை. நீங்கள் போனது மத்தியானம் 12 மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரம் அங்கே குடைக்குள் இருக்கிற காதலர்களைத் தவிர யாரும் போவதில்லை, அவர்களுக்கு வேறு காரணம். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திக் கட்டத் தொடங்கியது அந்தக் கோட்டை. 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து முனை கொண்ட நட்சத்திர வடிவில் விரித்துக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மதிலில் கையை வைத்துப் பாருங்கள், முருகைக்கல், கடலுக்குள்ளிருந்து வந்த கல். உள்ளே கற்குவியலாகக் கிடப்பது 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற கட்டடம் கடைசிப் போரில்தான் தரைமட்டமானது. பின்னேரம் ஐந்து மணிக்கு மதில்மேல் ஏறிப் பண்ணைக் கடலைப் பார்த்து நடந்திருந்தால் உங்கள் அபிப்பிராயம் கொஞ்சம் மாறியிருக்கும். முழுதாக மாறியிருக்குமா என்றால், அதற்கு உத்தரவாதம் தரமாட்டேன்.

நூலகம் வெள்ளைக் கட்டடமாகத்தான் இருக்கிறது. அப்படி இருக்க வேண்டும் என்றே கட்டினார்கள். 1933இல் செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் தொடங்கிய வாசிகசாலை அதன் விதை. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. நூலகவியலின் தந்தை என்று நீங்கள் கொண்டாடும் ரங்கநாதனும் ஆலோசனை சொன்னவர். ஆக, அந்தக் கட்டடத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள். எரிந்த பகுதியை அப்படியே நினைவுச்சின்னமாக விடவேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டினால் நடந்தது மறந்துபோகும் என்பது அவர்களின் பயம். நீங்கள் போய் நின்று "ஒன்றுமே தெரியவில்லையே" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது போலத்தான் இருக்கிறது. மறுபக்கம், உள்ளே மேசைகளில் குனிந்திருந்த பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். காவலாளி உங்களைச் சுற்றிப் பார்க்க விடாமல் காக்க வைத்தது அவர்களுக்காக. எனக்கு அதில் குறை சொல்ல மனமில்லை.

உங்கள் ஆட்டோக்காரர், யாழ்ப்பாணத்தின் பழைய வரலாறு சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலை என்ற நூலின் ஒரேயொரு பிரதி அந்தத் தீயில் எரிந்துபோனது என்று சொன்னாராம். இதை நான் வழிகாட்டிகளிடமும் கேட்டிருக்கிறேன், இணையத்திலும் வாசித்திருக்கிறேன். தவறு. அந்த நூல் 1879இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அச்சானது, தமிழிலும் பதிப்புகள் உண்டு, என் அலுமாரியிலும் ஒன்று இருக்கிறது. எரிந்தவற்றில் திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகள் இருந்தன. அந்த இழப்பே போதும், அதன்மேல் பொய் ஏற்றத் தேவையில்லை.

நல்லூர் உங்களுக்குப் பிடித்தது என்பதில் மகிழ்ச்சி. தேர்த்திருவிழாக் காலத்தில் வந்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும், 25 நாள் நடக்கும், ஊரே மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிடாது. பூசை மணி பிசகாது. ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும், எவராக இருந்தாலும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான் என்பது எங்கள் பெருமைப் பேச்சு. ஆனால் "சங்கிலியன் கும்பிட்ட கோயில்" என்று நீங்கள் எழுதியதை மட்டும் திருத்த வேண்டும். சங்கிலியன் போன்ற யாழ்ப்பாண அரசர் காலத்துக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். அது முத்திரைச்சந்தியில் இப்போது புனித யாக்கோபு தேவாலயம் நிற்கிற பக்கம் இருந்தது என்பது ஊர் வழக்கு. அதற்குப் பக்கத்தில் யமுனா ஏரி இருக்கிறது, பலர் பார்க்காமலே போகிற இடம், போய்ப் பாருங்கள். இப்போதைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. பழைய கோயிலை யார் கட்டினார்கள் என்பதில் சண்டை இருக்கிறது. யாழ்ப்பாண அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளின் மந்திரி என்பது ஒரு தரப்பு, தென்னிலங்கையின் கோட்டே அரசின் சார்பில் படையெடுத்து வந்து 15ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தை ஆண்ட புவனேகபாகு என்பது இன்னொரு தரப்பு. நான் எந்தப் பக்கமும் சாயாமல் விருந்தினரிடம் சொல்வது ஒன்றுதான்: இன்றைக்கும் அந்தக் கோயிலில் கட்டியம் சொல்லும்போது புவனேகபாகுவின் பெயர் வருகிறது, காது கொடுத்துக் கேளுங்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

நல்லூரில் இருக்கிற சங்கிலியன் தோப்பு வளைவையும் மந்திரிமனையையும் அரசர் கட்டியவை என்றே பலர் காட்டுகிறார்கள். அரசிருப்பு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இப்போது நிற்கிற கட்டடங்களின் வளைவும் தூணும் ஐரோப்பியர் வந்த பிறகு வந்த பாணி. பெயர் பழையது, செங்கல் பிந்தியது. கந்தரோடையிலும் இதே சிக்கல், அங்கே பாரம் இன்னும் கூட. பனந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்னச் சின்னத் தூபிகளை 1917இல் போல் பீரிஸ் வெளிப்படுத்தினார். அவை பௌத்தச் சின்னங்கள் என்பது உறுதி. அதற்கு மேல் அவை சிங்களவருடையவையா தமிழ்ப் பௌத்தருடையவையா என்று கேட்டால், நீங்கள் கேட்பது தொல்லியல் கேள்வி அல்ல, இன்றைய அரசியல் கேள்வி. தென்னிலங்கை பஸ்ஸில் வருகிற யாத்திரிகர் ஒரு பதிலோடு வருகிறார், உங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் இன்னொரு பதிலோடு வந்திருப்பார். நான் பலகையை வாசித்துக் காட்டிவிட்டு, கல்லைப் பாருங்கள் என்று விடுவேன்.

கீரிமலைத் தொட்டி சீமெந்துதான். சுற்றுமதில் தாண்டினால் பத்தடியில் கடல், தொட்டிக்குள் நல்ல தண்ணீர். குடாநாடு முழுக்க சுண்ணக்கல். மழைக்காலத்தில் ஓடுகிற வழுக்கையாற்றைத் தவிர எங்களுக்கு ஆறு கிடையாது. மழை நிலத்துக்குள் இறங்கி, சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே நகர்ந்து கடலோரத்தில் ஊற்றாகிறது. நிலாவரைக் கிணறும் அதே கல்லின் வேலை, மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அடியில்லாத கிணறு என்பது கதை, இராமர் அம்பு விட்டது என்பதும் கதை. இரண்டும் நல்ல கதைகள்தான். கீரிமுக முனிவருக்கும் குதிரைமுகத்து மாருதப்புரவீகவல்லிக்கும் நோய் தீர்ந்தது என்பதை நம்பித்தான் சனம் முழுகுகிறது. தண்ணீருக்கு மருந்துக் குணம் உண்டென்று நான் யாருக்கும் சொல்வதில்லை. தொட்டிக்குள் குதித்துக் கூத்தடித்த பொடியன்களைப் பற்றி முகம் சுழித்து எழுதியிருந்தீர்கள். அந்தப் பகுதிக்குச் சுதந்திரமாகப் போய்வர முடியாமல் இருந்த வருடங்கள் இருபதை நெருங்கும். அவர்களின் தகப்பன்மார் தங்கள் பொடிப் பருவத்தில் அங்கே குதிக்கவில்லை. குப்பையைப் பற்றிச் சொன்னது சரி, அதற்குச் சாட்டு கிடையாது.

நயினாதீவுப் படகைப் பற்றிய உங்கள் புகாரும் முழுதும் நியாயம். குறிகட்டுவான் துறையில் ஏற்றுகிற சனத்தைப் பார்த்தால் எனக்கே வயிறு கலங்கும். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. ஒரு தரம் நெடுந்தீவில் குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் காட்டி முடித்துத் துறைக்கு வந்தால், காற்று என்று சொல்லிப் பின்னேரப் படகு போகவில்லை. ஐந்து விருந்தினரோடு ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்தேன். அவர்கள் இன்றும் எழுதுகிற கடிதத்தில் வருவது அந்தத் திண்ணையும் அந்த வீட்டு அம்மா அவித்த புட்டும்தான். நான் காட்டிய ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை.

சாப்பாடும் அப்படித்தான். வாழையிலைச் சாப்பாடு தேடி அலைந்தேன், கொத்து ரொட்டியும் ரோல்சும்தான் கிடைத்தது என்கிறீர்கள். யாழ்ப்பாணச் சமையல் வீட்டுக்குள் இருக்கிறது, கடையில் கிடைப்பது அதன் தூரத்துச் சொந்தம். காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்கிற ஒடியற்கூழ் தனியாளுக்குக் காய்ச்சுகிற சாமான் அல்ல. நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு ஒரு பானை காய்ச்சி, பத்துப் பேர் சுற்றி இருந்து பனையோலைப் பிளாவில் குடிப்பது. நீங்கள் சைவம் என்றால் இன்னும் சிரமம். ஆனால் அவித்த இடியப்பத்துக்கு வெந்தயம் போட்ட சொதியும் சம்பலும் வைத்துச் சாப்பிடாமல் போனீர்கள் என்றால் அது உங்கள் குற்றம். கேட்காமலே மேசையில் ஒரு தட்டு வடையும் ரோல்சும் கொண்டுவந்து வைத்து ஏமாற்றப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஏமாற்று அல்ல. எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்குத்தான் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். சுத்தம் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்காது, தெரியும்.

இன்னொரு தரம் வரலாமா என்று கேட்டீர்கள். வாருங்கள், ஆனால் 4 நாளில் 14 இடம் என்று போடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை போதும். வடமராட்சி என்றால் காலையில் பருத்தித்துறை, வடை வாங்கிக்கொண்டு வல்லிபுரம், பின்னேரம் மணற்காட்டு மணல்மேடு, இரவு வீடு. தங்குவதற்கு நகரத்து ஹோட்டலை விட ஒரு வீட்டு அறை நல்லது, அப்போதுதான் காலையில் முற்றம் கூட்டுகிற சத்தமும் கிணற்றடிச் சத்தமும் கேட்கும், சொதியும் கிடைக்கும். ஒழுங்கைக்குள் படம் எடுப்பதென்றால் முதலில் படலையடியில் நின்று "வீட்டுக்காரர்" என்று கூப்பிடுங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு கமராவை எடுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பெரியவரின் வீட்டுப் படத்தை அழிக்கவா என்று கேட்டிருந்தீர்கள். வைத்திருங்கள், ஆனால் இடத்தின் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள். காணி விஷயம்.

காலம் என்று பார்த்தால் தையும் மாசியும் நல்லது. வெயில் குறைவு, பனங்கிழங்கு கிடைக்கும், கடல்நீரேரிகளில் வெளிநாட்டுப் பறவைகளும் நிற்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வேண்டுமென்றால் வைகாசி, ஆனி. அப்போது வெயிலைத் தாங்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதென்றால் அறையை மாதக்கணக்கில் முன்பே பேசி வையுங்கள், வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் சனமே எல்லாவற்றையும் எடுத்துவிடும். கார்த்திகை, மார்கழி மழைக்காலம், கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்களில் நெடுந்தீவைத் திட்டத்தில் வைக்காதீர்கள். மற்ற மாதங்களிலும் அங்கே போவதென்றால் காலை முதல் படகில் போங்கள், தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொண்டு போங்கள். துறையில் நிழல் இல்லை.